பெயர் மறந்த அறிவியல் கதையைத் தேடுவது

பழைய புத்தகம் தேடி அலைகிறவர்களில் ஒரு சாராருக்குப் புத்தகத்தின் பெயர் தெரியாது. எழுதியவர் பெயரும் தெரியாது. "கடலுக்கு அடியிலயே ஒருத்தன் இருப்பான்", "அந்த ஊர்ல எப்பப் பாத்தாலும் மழை பெஞ்சுக்கிட்டே இருக்கும்", "ஆளே தெரியாது, கை மட்டும் தெரியும்" என்று ஒற்றை வரி மட்டும் மிச்சம் இருக்கும். ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது வாசித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ படித்தாயிற்று, அவையெல்லாம் மறந்தும் போயின. இது மட்டும் போகவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். நூலகரிடம் கேட்டால் தலைப்பைச் சொல்லுங்கள் என்பார். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

முதலில் தைரியம் சொல்லிவிடுகிறேன். மறந்துபோன புத்தகங்களிலேயே கண்டுபிடிக்க வசதியானது அறிவியல் கதைதான். மாமியார் மருமகள் சண்டை வரும் நாவலைத் தேடித் தரச் சொன்னால் யாராலும் முடியாது, ஆயிரம் இருக்கின்றன. சூரியன் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கும் கிரகம் என்றால் கை நேராக ஒரே கதையில் போய் நிற்கும். விநோதமான காட்சி ஒன்று உங்களிடம் இருந்தால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

மீதி தூரத்துக்கு என் யோசனை இதுதான். கதையை வைத்துத் தேடாதீர்கள். அந்தப் புத்தகம் எந்த வழியாக, எந்த உருவத்தில் உங்கள் கைக்கு வந்தது என்பதை வைத்துத் தேடுங்கள். கதைச் சுருக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வருஷங்கள் ஓட ஓட நாமே திருத்தி எழுதியது. புத்தகம் வந்த வழியை நாம் அப்படித் திருத்துவதில்லை, திருத்த வேண்டிய தேவையே வருவதில்லை.

தேடுவதற்கு முன் எழுதுங்கள்

யாரையும் கேட்பதற்கு முன், எதையும் தட்டித் தேடுவதற்கு முன், ஒரு தாளில் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதித் தேதி போடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நண்பர் ஒருவர் "அதுல ஒரு டாக்டர் வருவாரே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மறுநாள் உங்கள் நினைவில் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் முன்பே இருந்தாரா, நேற்று வந்தாரா என்று பிறகு உங்களாலேயே சொல்ல முடியாது.

எழுதும்போது கதையை முழுசாகக் கோக்க முயல வேண்டாம். துண்டு துண்டாகவே எழுதுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில், இது கண்ணால் பார்த்ததுபோல் நிற்கிறதா, இப்படித்தான் இருந்திருக்கும் என்ற ஊகமா என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் இருந்ததா? இருந்தால் பக்கம் முழுக்கவா, மூலையில் சின்னதாகவா? கோட்டோவியமா, வண்ணமா? காகிதம் வழவழப்பா, பழுப்பா? தடியா, மெலிதா, கெட்டி அட்டையா? யார் கொடுத்தது? எந்த வீட்டில் இருந்தபோது? எந்த வகுப்பு? கோடை விடுமுறையா, உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோதா? வீட்டையும் வகுப்பையும் வைத்து ஆண்டைப் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்துக்குள் பிடித்துவிடலாம். புத்தகம் அந்த ஆண்டுக்குப் பின்னால் வெளிவந்திருக்க முடியாது என்ற ஒரு வரம்பு கிடைத்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கும்.

இன்னொரு கேள்வி எழுத்து வடிவம் பற்றியது. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய அச்சில் லை, னை, ணை, ளை ஆகிய எழுத்துகள் யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் மேலே வளைந்திருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழிந்து ஒட்டியிருக்கும். சிறுவயதில் "இது என்ன எழுத்து?" என்று யாரையாவது கேட்டது நினைவிருந்தால், நீங்கள் படித்த பிரதி அநேகமாக எழுபதுகளிலோ அதற்கு முன்போ அச்சானது. அச்சகங்களில் இருந்த ஈய எழுத்துகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை என்பதால் ஒரு சில ஆண்டு முன்பின் விட்டுக்கொள்ளுங்கள்.

நினைவு எங்கே கை வைக்கும்

கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கச் சொன்னார். ஆவிகளின் போர் பற்றிய கதை அது. பிறகு சில மணி நேரம், சில மாதம், சிலரிடம் சில ஆண்டுகள் விட்டு அதை நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதை ஒரு திசையிலேயே மாறியது. பழங்குடியினரின் துடுப்பு ஓடம் சாதாரணப் படகு ஆயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பு ஆயிற்று. புரியாத ஆவிகள் மெல்லக் கதையை விட்டே போயின. படித்தவர்கள் தங்களுக்குப் பழகிய உலகத்துக்கு ஏற்பக் கதையைத் தட்டிச் சரிசெய்துகொண்டார்கள், அப்படிச் செய்கிறோம் என்று தெரியாமலே.

நமக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து அர்ஜென்டினாவில் நடக்கும் கதையைப் படித்த பிள்ளையின் நினைவில் புவனோஸ் ஐரிஸ் என்ற பெயர் நிற்காது, "ஒரு கடற்கரை ஊர்" என்று நிற்கும். அதன் நாயகனுடைய இக்தியாந்தர் என்ற பெயர் நிற்காது, "ஒரு பையன்" என்று நிற்கும். ஆகவே உங்கள் குறிப்பில் இயல்பாக, சாதாரணமாக இருக்கும் விவரங்களைச் சந்தேகியுங்கள். எது இன்றுவரை ஒட்டாமல், விநோதமாகவே துருத்திக்கொண்டிருக்கிறதோ அது அச்சில் இருந்தது.

அளவையும் நினைவு மாற்றும். ரே பிராட்பரி 1954-இல் எழுதிய ஒரு கதையில் வெள்ளிக் கிரகத்தில் ஓயாமல் மழை. பூமியிலிருந்து வந்த மார்கோ என்ற சிறுமிக்கு மட்டும் சூரியன் எப்படியிருக்கும் என்று தெரியும். வெயில் வரப்போகும் நாளில் வகுப்புப் பிள்ளைகள் அவளை ஓர் அலமாரி அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு வெளியே ஓடி ஆடுகிறார்கள். மழை திரும்ப ஆரம்பித்த பிறகுதான் அவள் நினைவு வருகிறது. இதைப் படித்தவர்கள் பெரிய நாவல் என்றே சொல்வார்கள். உண்மையில் சில பக்கச் சிறுகதை. ஐசக் அசிமோவ் 1951-இல் எழுதிய கதையில் 2157-ஆம் ஆண்டில் மார்ஜி, டாமி என்ற இரண்டு பிள்ளைகள் காகிதத்தில் அச்சிட்ட புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்து வியக்கிறார்கள். அவர்களுக்கு வாத்தியார் ஒரு இயந்திரம். மத்திய பாடத்திட்டத்தில் படித்த தலைமுறை ஒன்று இதை ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலான 'பீஹைவ்'-இன் முதல் பாடமாகப் படித்தது. அவர்களில் யாராவது இதைத் தனிப் புத்தகம் என்று நம்பித் தேடினால் எந்தக் கடையிலும் கிடைக்காது. நாவல் என்று முடிவு கட்டுவதற்கு முன் சிறுகதையாக, பாடமாக, பத்திரிகையில் ஒரு பக்கமாக இருந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

முடிவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. வாடகை நூல்நிலையப் பிரதிகளில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. வாரப் பத்திரிகைத் தொடரில் நடுவே இரண்டு வாரம் விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தைப் பிள்ளை மனசு சும்மா விடாது, தானே ஒரு முடிவை எழுதிக்கொள்ளும். எல்லாம் பொருந்தி முடிவு மட்டும் பொருந்தவில்லை என்றால் அந்தப் புத்தகத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

எந்த வழியாக வந்தது?

இதுதான் இந்த அத்தியாயத்தின் நடுநாயகம், நிதானமாகப் படியுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் கதை வந்த வழிகள் அதிகமில்லை. ஒவ்வொரு வழிக்கும் தனித்த அடையாளம் உண்டு.

வாரப் பத்திரிகைத் தொடர் முதல் வழி. ஒரு காலத்தில் வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் தைத்து அட்டை போட்டுவைப்பார்கள். உங்கள் "புத்தகம்" அத்தைவீட்டுப் பரணில் இருந்த இப்படியொரு பைண்டாக இருக்கலாம். அப்படியென்றால் அதற்குத் தலைப்புப் பக்கம் இல்லை, பதிப்பகம் இல்லை, விலை இல்லை. பக்க எண்கள் முப்பத்தி இரண்டிலிருந்து முப்பத்தி ஏழு, பிறகு மறுபடி நாற்பது என்று குதிக்கும். அத்தியாயம் முடியும் இடத்தில் "தொடரும்" இருக்கும். கதைப் பக்கத்தின் பின்புறத்தில் பாதி ஜோக், சோப்பு விளம்பரம், ஏதோ ஒரு சினிமா விமர்சனம். அந்தப் பின்புறம் நினைவிருந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். படம் வெளியான ஆண்டு எளிதில் தெரியக்கூடியது, அதை வைத்துக் கதை எந்த ஆண்டில் வந்தது என்று சொல்லிவிடலாம். ஓவியமும் அப்படியே. ஜெயராஜ், மாருதி, ம.செ. போன்றவர்களின் கோடுகளைப் பார்த்துப் பழகிய கண், முகத்தைப் பார்த்தே யார் வரைந்தது என்று சொல்லும். ஓவியர் தெரிந்தால் பத்திரிகை தெரியும்.

இந்த வழியில் வந்தவற்றில் பெரும்பாலோர் தேடுவது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பேசும் ரோபோ நாய் ஜீனோ, நிலா, சர்வாதிகாரி ஜீவா. கதைமாந்தர் பெயர்கள் எல்லாம் இரண்டே எழுத்து, நிலா, சிபி, ரவி, மனோ என்று. இந்த இரண்டெழுத்து விஷயம் நினைவிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். 'மீண்டும் ஜீனோ' என்று அடுத்த பாகமும் உண்டு. தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. ஆகவே உங்கள் நினைவில் இருப்பது நாவலின் காட்சியா, தொலைக்காட்சியில் பார்த்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஜீனோவின் குரல் காதில் கேட்கிறதென்றால் அது அநேகமாகத் தொலைக்காட்சி.

இரண்டாவது வழி மாஸ்கோ. சோவியத் நூல்கள் நம் ஊர்களில் விலை மலிவாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கெட்டி அட்டை, நல்ல காகிதம், தரமான படங்கள். அந்த விலைக்கு வேறு எந்தப் புத்தகமும் அப்படி இருக்காது. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்ற மூன்று பெயர்களில் ஒன்று முகப்பில் இருக்கும். இலக்கியத்துக்கும் சிறுவர் நூலுக்கும் என்று முன்னேற்றப் பதிப்பகத்திலிருந்து ராதுகா பிரிந்தது 1982-இல். ராதுகா என்ற பெயர் நினைவிருந்தால் நீங்கள் வைத்திருந்த பிரதி அதற்கு முந்தையதல்ல. மீர் பெரும்பாலும் அறிவியல், கணித நூல்கள். இன்னொரு அடையாளம் கடைசிப் பக்கம். புத்தகத்தைப் பற்றியும் மொழிபெயர்ப்பைப் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று கேட்டு, மாஸ்கோ, 17, சுபோவ்ஸ்கி புல்வார் என்று முகவரி போட்டிருப்பார்கள். மாஸ்கோவுக்குக் கடிதம் எழுத ஆசைப்பட்ட பிள்ளைகள் அதை மறந்திருக்க மாட்டார்கள். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் இந்த வரத்து நின்றுபோயிற்று.

மூன்றாவது சிவகாசி. முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. பிரிட்டனில் 'வேலியன்ட்' இதழில் 1962 முதல் வந்த படக்கதை அது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர், மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிய நடமாடுவார். லயன் காமிக்ஸ் 1984-இல் வந்தது. ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் பலருக்கு அதன் வழியாகவே அறிமுகம். காலத்தில் முன்னும் பின்னும் பறக்கும் கோட்டை நினைவிருந்தால் அது ஆர்ச்சியின் கோட்டை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பழைய புத்தகக் கடையில் பலர் இதில் மாட்டிக்கொள்வார்கள். "மாயாவி காமிக்ஸ் வேணும்" என்று மட்டும் கேட்காதீர்கள். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி வீரர், காட்டில் குதிரையில் வருபவர், மண்டையோட்டு மோதிரக்காரர். முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர். ஒரே பெயர், இரண்டு ஆட்கள், இரண்டு பதிப்பகங்கள். கையா, முகமூடியா என்று சொல்லிக் கேளுங்கள்.

நூலகம் வழியாக வந்ததென்றால் அட்டையை நம்ப வேண்டாம். கிளை நூலகங்களில் கிழிந்த நூல்களை வெட்டி, துணி முதுகு வைத்து, ஒரே நிறத்தில் பைண்டு செய்து அடுக்கியிருப்பார்கள். "சிவப்பு அட்டை" என்பது அந்த நூலகத்தில் இருந்த பாதிப் புத்தகங்களின் அடையாளம். உள்ளே இருந்த முத்திரை, ஒட்டியிருந்த தவணைத் தாள் ஆகியவைதான் பயன்படும். எந்த ஊர் நூலகம் என்று தெரிந்தால், அது இன்றும் இருந்தால், பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் அலமாரியைத் திறந்து காட்டும் நூலகர்கள் இருக்கிறார்கள்.

மாத நாவல்கள் இன்னொரு வழி. மாலைமதி, ராணிமுத்து போன்றவை. பேருந்து நிலையக் கடையில் வாங்கியது, கையடக்கமானது, பழுப்புத் தாள் என்றால் அந்தப் பக்கம் பாருங்கள். சிறுவர் இதழ்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர் மூன்றின் படங்களும் ஒன்றுக்கொன்று ஒட்டாது, படம் நினைவிருந்தால் இதழ் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முத்தும் சுறாவும்: ஒரு காட்சியைப் பிரித்துப் பார்ப்பது

இனி ஒரு உதாரணத்தை முழுக்கப் பார்த்துவிடலாம். ஒருவர் இப்படி எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள்: "கடல். முத்துக்குளிக்கிற ஆள். சுறா வருகிறது. கடலுக்கு அடியில் வாழ்கிற ஒருவர் காப்பாற்றுகிறார். அவர் இந்திய ராஜா என்று நினைவு."

இந்தக் குறிப்பு நேராக இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று ஜூல்ஸ் வெர்ன். 1869-70-இல் வெளிவந்த அவருடைய கடலடிப் பயண நாவலில் கேப்டன் நெமோ தன் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸில் இலங்கைக் கரைக்கு வருகிறார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபத்தில் கடலடியில் நடக்கிறார். அங்கே தனியாக மூழ்கி முத்துச் சிப்பி எடுக்கும் ஏழை ஒருவனைச் சுறா தாக்குகிறது. நெமோ குத்துவாளோடு பாய்கிறார், அவரே மாட்டிக்கொள்ளும்போது கூட வந்த நெட் லேண்ட் எறியீட்டியால் சுறாவைக் கொல்கிறான். மயங்கிக் கிடந்தவன் கண் விழித்ததும் நெமோ அவன் கையில் முத்துகள் நிறைந்த ஒரு சிறு பையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். உலகத்தின் ஒவ்வொரு மூலையிலும் படிக்கப்பட்ட நாவலில் நம் கடலும் நம் முத்துக்குளிப்பும் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகளின் நினைவில் மற்றக் காட்சிகளைவிட இது அழுத்தமாக நிற்பது இயல்பு.

இன்னொன்று ருஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் பெல்யாயெவ் 1928-இல் எழுதிய நாவல். புவனோஸ் ஐரிஸ் அருகே முத்துக்குளிப்பவர்களை ஒரு கடல் பிசாசு பயமுறுத்துகிறது. அது பிசாசல்ல, இக்தியாந்தர் என்ற இளைஞன். டாக்டர் சல்வாதோர் அவனுக்குக் குட்டிச் சுறாவின் செவுள்களைப் பொருத்தியிருக்கிறார். அவன் டால்ஃபின் மேல் ஏறி வருவான், சங்கை ஊதுவான். முத்து, சுறா, கடலடியில் வாழ்க்கை என்று மூன்றும் இதிலும் இருக்கின்றன.

பிரிக்க ஒரே கேள்வி போதும்: கடலுக்கு அடியில் அவர் எப்படி மூச்சு விட்டார்? கப்பலோ கவச உடையோ இருந்தால் வெர்ன். உடம்பிலேயே ஏதோ இருந்தது என்றால் பெல்யாயெவ். இப்படி இரண்டு நூல்களையும் ஒரே வெட்டில் பிரிக்கும் கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்று வந்தாலும் இதே முறைதான். உடம்பெல்லாம் கட்டுப் போட்டு, பனியில் ஒரு விடுதிக்கு வந்து சேர்ந்தான் என்றால் எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் எழுதிய நாவல். கை மட்டும் தெரிந்தது என்றால் சிவகாசி.

இப்போது "இந்திய ராஜா". கடலடிப் பயண நாவலில் நெமோ எந்த நாட்டவர் என்று வெர்ன் சொல்லவே மாட்டார். அது வெளிப்படுவது 1874-75-இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில். பலூனில் தப்பி ஆளில்லாத் தீவில் விழுந்தவர்களுக்கு மறைவிலிருந்து உதவி செய்யும் கிழவர்தான் நெமோ என்றும், அவர் புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார் என்றும், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடியவர் என்றும் கடைசியில் தெரிகிறது. ஆக, ஒரே புத்தகம் என்று நினைத்தது இரண்டு புத்தகம். சுறாவும் முத்தும் ஒன்றில், ராஜா மற்றொன்றில். ஒரு நூலில் எல்லா விவரமும் பொருந்தாமல் போனால் இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எதிர்மாறாகவும் நடக்கும். "பழைய ராஜா கட்டிய மலைக்கோட்டை" ஒன்று, "வானத்துக்குப் போகும் லிஃப்ட்" ஒன்று, "மலை உச்சியில் புத்த பிக்குகள்" ஒன்று என்று மூன்று துண்டுகளை மூன்று கதைகளாக வைத்திருப்பவர்கள் உண்டு. மூன்றும் ஒரே நாவல். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1979-இல் வெளியிட்டது; சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் மனசில் வைத்துக்கொண்டு, பெயர்களை மாற்றி எழுதினார்.

வெர்னைப் பொறுத்தவரை இன்னும் ஒரு கவனம். பிள்ளைகள் படித்தது பெரும்பாலும் சுருக்கப் பதிப்பு. சுருக்கியவர் முத்துக் காட்சியை விட்டிருக்கலாம், அல்லது அதையே பெரிசாக்கிப் படம் போட்டிருக்கலாம். நாவல் எது என்று தெரிந்த பிறகும் நீங்கள் படித்த சுருக்கம் எது என்று தனியாகத் தேட வேண்டியிருக்கும்.

எங்கே தேடுவது

சென்னையில் முதலில் போக வேண்டிய இடங்கள் இரண்டு. கன்னிமாரா நூலகம் 1896-இல் திறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் அனுப்பிவைக்கப்பட வேண்டிய நூலகங்களில் ஒன்று. எல்லாப் பதிப்பாளரும் ஒழுங்காக அனுப்பிவிடவில்லை, ஆனாலும் அவ்வளவு பெரிய தொகுப்பு வேறெங்கும் கிடைப்பது அரிது. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994-இல் உருவானது. பழைய இதழ்களுக்கு அதுதான் முதல் வாசல். இரண்டு இடத்திலும் "அறிவியல் கதை" என்று கேட்டுப் போய் நிற்காதீர்கள். இதழின் பெயர், உத்தேச ஆண்டு இரண்டையும் கொண்டு போங்கள். பைண்டு செய்த இதழ்களை வரிசையாகப் புரட்டும் பொறுமை வேண்டும். படத்தைப் பார்த்துக்கொண்டு போனால் வேகமாகப் போகலாம்.

வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவற்றுக்கு ஈடு கிடையாது. அங்கே படித்த ஒரு பிரதியைத் தேடுபவர், அதே நூலின் வேறு பிரதி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் படித்திருந்தால் வேலை சுலபம். அறிவியல் புனைகதைகளுக்கென்றே ஐஎஸ்எஃப்டிபி என்ற தரவுத்தளம் இருக்கிறது. சிறுகதை எந்த இதழில் முதலில் வந்தது, எந்தெந்தத் தொகுப்புகளில் மறுபடி வந்தது என்றெல்லாம் அதில் பார்க்கலாம். மார்கோ கதையைப் பிள்ளைப் பருவத்தில் எந்தத் தொகுப்பில் படித்தீர்கள் என்பதை, கூடவே இருந்த மற்றொரு கதையை வைத்து அங்கே பிடித்துவிட முடியும்.

தமிழில் தட்டித் தேடும்போது பழைய வழக்கையும் புதிய வழக்கையும் போட்டுப் பாருங்கள்: விஞ்ஞானக் கதை, அறிவியல் புனைகதை, இயந்திர மனிதன், எந்திரன், ரோபாட், ரோபோ. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பதில் தவறில்லை, உலகறிந்த ஆங்கிலக் கதைகளை அவை சட்டென்று சொல்லிவிடும். தமிழ்ச் சிறுவர் இதழ், மாத நாவல் என்று வரும்போது இல்லாத தலைப்பை இருப்பதுபோல் உறுதியாகச் சொல்லும். அது தரும் பெயர் ஏதாவது ஒரு நூலகப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

மனிதர்களைக் கேட்பது தனிக் கலை. அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுத் தோழன் எல்லாரும் அதே பிரதியைப் படித்திருப்பார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள், எல்லாரையும் ஒன்றாக உட்கார்த்திவைத்தால் குரல் ஓங்கியவரின் கதையே எல்லாருடைய கதையும் ஆகிவிடும். "சிவப்பு அட்டைதானே?" என்று கேட்காதீர்கள், "அட்டை எப்படி இருந்துச்சு, அக்கா?" என்று கேளுங்கள். பழைய புத்தகக் கடைகளில், திருவல்லிக்கேணி நடைபாதையானாலும் கோவை உக்கடமானாலும், குறிப்பைத் தாளில் எழுதித் தொலைபேசி எண்ணோடு கொடுத்துவிட்டு வாருங்கள். வாய்ச்சொல் அன்று மாலையே மறந்துவிடும்.

கிடைத்தது அதுதானா?

பிரதி கைக்கு வந்ததும் மனசு படபடக்கும். அட்டையைப் பார்த்ததுமே இதுதான் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஆசை அப்படிச் சொல்லும். முதலில் எழுதிய தாளை எடுங்கள். "கண்ணால் பார்த்தது" என்று குறித்த விவரங்களில் யாரிடமும் சொல்லாத, எங்கும் தேடாத ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். சங்கு, முத்துப் பை, இரண்டெழுத்துப் பெயர் போல ஏதாவது ஒன்று. அது உள்ளே இருந்தால் புத்தகம் அதுதான். அட்டை, முடிவு, தலைப்பு மூன்றும் மாறியிருந்தாலும் பரவாயில்லை. அது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள்.

உறுதியானதும் பதிப்பகம், பதிப்பு ஆண்டு, விலை, ஓவியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி முன்னட்டைக்குள் வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். வெர்னும் பெல்யாயெவும் எழுதிய மொழியை நாம் படிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் நம் காதில் விழுந்த வாக்கியங்கள் அந்தத் தமிழரோ தமிழ் கற்றவரோ எழுதியவை. பல பிரதிகளில் அவர் பெயர் பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. இருந்தால் அந்தப் பெயரையே நூலகப் பட்டியலில் போட்டுத் தேடுங்கள். அவர் மொழிபெயர்த்த மற்ற நூல்களில் ஒன்றையாவது நீங்கள் சிறுவயதில் படித்திருப்பீர்கள்.